கணுக்காலில் கட்டிய பந்தல்

சாந்தா புருதென்சியா என்ற அந்த மலைநகரத்தில், தென் அமெரிக்காவின் முதுகெலும்பின் மேல் பூனை ஏறி உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைநகரத்தில், தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்பதையும், மூச்சு வாங்கினால் கோக்கா இலைத் தேநீர் குடிக்க வேண்டும் என்பதையும், பெரிய சதுக்கத்தில் ஒரு மனிதன் ஆகாயத்தில் நின்றுகொண்டிருப்பான், அவனை அண்ணாந்து பார்க்கும்போது சட்டைப்பை பத்திரம் என்பதையும் விமான நிலையத்திலேயே எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

சொன்னது சிஸ்டர் அமலோற்பவம். மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, இந்த மலைக்கு அனுப்பப்பட்டு, தலை நரைக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டவர். உலகத் தொழிலாளர் சங்கங்களின் சந்திப்பு ஒன்று இந்த ஊரில் நடந்தது. கோயம்புத்தூர் மில் தொழிலாளர்கள் சார்பில் ஒருவர் போக வேண்டும் என்றதும், சங்கத்து இளவட்டங்கள் என்னை அனுப்பிவைத்தார்கள். நான் இல்லாவிட்டால் நிர்வாகக் குழுவில் கேள்வி கேட்க ஆளிருக்காது என்ற ஒரே காரணத்துக்காக. தமிழும் ஸ்பானிஷும் தெரிந்த ஒரே ஆள் என்று அந்தக் கன்னியாஸ்திரியை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கடவுள் இல்லை என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்தே கைரேகை தேய்ந்தவன் நான்.

"அண்ணாச்சி, எங்க ஆண்டவரைத் திட்டணும்னா தமிழிலேயே திட்டிக்கிடுங்க. அதை மட்டும் மொழிபெயர்க்க மாட்டேன்," என்றார்.

"உங்க ஆண்டவரைத் திட்ட இவ்வளவு தூரம் வரோணுமாங்க சிஸ்டர்? உள்ளூரிலேயே திட்டிப்போட்டுத்தான் வந்தேன்," என்றேன். அப்படித்தான் எங்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது.

அழகான ஊர் என்று எல்லோரும் சொன்னார்கள். அழகுதான், யார் இல்லையென்றது? ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பாவாடைகளை உடுத்து, தலைக்குப் பற்றாத குட்டித் தொப்பியைச் சாய்த்து வைத்து நடக்கிற பெண்களும், கறுப்பு, ஊதா, ரோஜா என்று எல்லா நிறத்திலும் குவிந்து கிடக்கும் உருளைக்கிழங்குகளும், தெருமுனைக்குத் தெருமுனை பித்தளை வாத்தியம் ஊதுகிற கோஷ்டிகளும், ஸ்வெட்டர் போட்ட நாய்களும், யார் மகன் யார் கணவன் என்று தெரிந்துவிடக் கூடாதென்று முகத்தை மூடிக்கொண்டு பூட்ஸ் துடைக்கிற ஆண்களும், அவர்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே கம்பியில் தொங்கியபடி மலைக்கு மலை போய்வருகிற கண்ணாடிப் பெட்டிகளும் சேர்ந்து அந்த ஊர் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கொட்டமடித்துக்கொண்டே இருந்தது. நான் சிங்காநல்லூரில் பஞ்சுத் தூசி படிந்த லைன் வீடுகளில் வளர்ந்தவன். ஒரு ஊர் இத்தனை வண்ணம் பூசிக்கொண்டு நின்றால் எதை மறைக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

பதில் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

டிராம் வண்டியின் கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், காக்கிச் சீருடையும் கண்டக்டர் தொப்பியும் அணிந்த ஒருவன் வலது கையை முஷ்டி பிடித்துத் தூக்கியபடி நின்றான். மார்பில் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு துளை இருந்தது. அதில் ரத்தம் இல்லை. கண் திறந்திருந்தது. முகத்தில் வேலை நேரத்துக் கண்டக்டருக்கு உள்ள அலுப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவன் பெயர் அனிசெத்தோ.

அவனை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. அவனைச் சுற்றி ஊர் என்ன செய்து வைத்திருந்தது என்பதைத்தான் பார்த்தேன். கிழங்குக் கடைக்காரிகள் நீலத் தார்ப்பாய்ப் பந்தலின் கயிறுகளை எல்லாம் அவன் கணுக்காலில் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கம்பம் நடுகிற செலவு மிச்சம், காற்றுக்கும் அசையாது என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார்கள். இடுப்பு வாரில் ஒரு வங்கி கடிகாரம் மாட்டியிருந்தது. பூட்ஸ் துடைக்கிறவர்கள் திங்கட்கிழமைதோறும் ஏணி வைத்து ஏறி அவன் பூட்ஸை முதலில் துடைத்தார்கள், அது போணிக்கு நல்லதாம். மழை பெய்தால் அவன் மேலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து, பேச்சு வராத குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கல்யாண ஜோடிகள் அவனுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் மார்பில் சுட்ட அதே ரெஜிமெண்ட், ஆண்டுதோறும் வாத்தியம் முழங்க வந்து, சுட்ட அதே இடத்தில் மலர்வளையம் வைத்துவிட்டுப் போனது. தூக்கிய முழங்கையின் மடிப்பில் புறா கூடு கட்டியிருந்தது. இத்தனை பேரில் வியாபாரம் பண்ணாமல், வணக்கமும் போடாமல் அவனைப் பயன்படுத்திய ஒரே நாணயமான ஜீவன் அந்தப் புறாதான்.

"இங்க யாருக்கும் இது அதிசயம் இல்லையா?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு அண்ணாச்சி. ஒரு மழைக்காலம் வரைக்கும். பெறகு பந்தல் கட்டத் தோதா இருக்குன்னு யாரோ கண்டுபிடிச்சாவ. அத்தோட அதிசயம் போச்சு."

கதையை அவர்தான் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் டிராம் ஓடியது. டிராம்களை நிறுத்திவிட்டுத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப அரசாங்கம் முடிவு செய்தபோது வேலைநிறுத்தம் வந்தது. போராட்டத் தலைவர் ஃபௌஸ்தினோ, அனிசெத்தோவை ஒரு டிராமின் கூரைமேல் ஏற்றிவிட்டு, "சங்கம் வந்து சொல்லும்வரை இறங்காதே," என்று உத்தரவிட்டார். அவன் ஏறினான், கையைத் தூக்கினான், நின்றான். ராணுவம் வந்தது. சுட்டது. அவன் விழவில்லை என்று கண்டதும் அவன் நின்ற டிராமைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டிராம் போனது. அவன் அங்கேயே நின்றான்.

மறுவாரம் ஃபௌஸ்தினோவும் மந்திரியும் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசி, கௌரவமான உடன்பாடு என்று ரேடியோவில் அறிவித்தார்கள். கேட்டவர்கள் கலைந்து வீட்டுக்குப் போனார்கள். டிராம்கள் பழைய இரும்புக்குப் போயின. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். ஃபௌஸ்தினோ காலப்போக்கில் மேயரானார்.

அதைவிட மோசமானதை அன்று மாலையே பார்த்தேன். அந்த ஊரில் எந்தத் தீர்மானமும் சதுக்கத்தில்தான் எடுக்கப்படும், கை தூக்கித்தான் வாக்களிப்பார்கள், அது பழைய வழக்கம். கேபிள் பெட்டிக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வந்தது. "ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டார்கள். நாலைந்து கைகள் தயங்கி எழுந்தன. மேடையிலிருந்த குமாஸ்தா அண்ணாந்து பார்த்து, "தோழர் அனிசெத்தோவும் ஆதரவு," என்றான். கூட்டம் சிரித்தது. தியாகியே கை தூக்கிய பிறகு நமக்கென்ன என்பதுபோல் மற்றக் கைகளும் மளமளவென்று எழுந்தன. சிஸ்டர் சொன்னார்: அவன் கை இறங்கியதே இல்லை, ஆகவே அவன் எதிர்த்த தீர்மானமும் இல்லை. தண்டவாளம் பெயர்க்க அவன் ஆதரவு. டிராம் தொழிலாளர் ஓய்வூதியத்தைக் குறைக்க அவன் ஆதரவு. சுட்ட ரெஜிமெண்டுக்குப் புதுக் குதிரை லாயம் கட்டவும் அவன் ஆதரவு.

எங்கள் ஊர் முதலாளிகள் எங்களைப் பட்டினி போட்டிருக்கிறார்கள், பூட்டிப்போட்டிருக்கிறார்கள், ரவுடிகளை ஏவியிருக்கிறார்கள். செத்தவனின் கையை ஓட்டாக எண்ணுகிற புத்தி அவர்களுக்கும் வந்ததில்லை. துப்ப வேண்டும் போலிருந்தது. அந்தச் சதுக்கத்தில் துப்ப இடமில்லை, அத்தனை இடத்திலும் எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அனிசெத்தோவின் மனைவி எர்மினியா அதே சதுக்கத்தின் ஓரத்தில் ஊதாச் சோளத்தைக் காய்ச்சிப் பட்டையும் கிராம்பும் போட்ட ஆப்பி என்ற பானம் விற்றாள். அவள் கயிறு எதுவும் அவன் காலில் கட்டவில்லை, அவள் கடைக்குப் பந்தலே கிடையாது. வெயிலிலேயே நின்றாள். அண்ணாந்து அண்ணாந்து பார்த்து அவள் கழுத்து அப்படியே நிலைத்துவிட்டிருந்தது. தெருவில் நடக்கும்போதும், சில்லறை கொடுக்கும்போதும், என்னோடு பேசும்போதும் அவள் முகம் ஆகாயத்தைப் பார்த்தபடிதான் இருந்தது. அவள் பேசியதெல்லாம் எனக்கு மணப்பாட்டுத் தமிழில்தான் கேட்டது.

"நான் அறுத்தவளும் இல்ல, வாழ்ந்தவளும் இல்ல," என்றாள். "கறுப்பு உடுத்தினா, புருஷன் நிக்கும்போது என்னடி கறுப்புங்கிறாவ. வண்ணம் உடுத்தினா, தியாகி பெஞ்சாதிக்கு என்ன மினுக்குங்கிறாவ. எட்டாத உசரத்துல நிக்கிறான், ஊர் வேடிக்கை பாக்க ஏணி வச்சு ஏறியா புருஷனைத் தொட முடியும்? அவன் செத்தது எனக்குத் தெரியும். அந்தச் சாவைத்தான் கேக்கேன். அதை எனக்குக் குடுக்க மாட்டேங்கிறாவ."

"இப்ப என்ன அவசரம்னு கேளுங்க," என்றேன்.

அவள் சதுக்கத்தின் நடுவைக் காட்டினாள். அங்கே சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் செங்கல் அடுக்கி ஒரு உலை எழும்பிக்கொண்டிருந்தது. நகரத்தின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. அன்று, நிரந்தரமாக இருக்கட்டும் என்று, அனிசெத்தோவின் மேல் வெண்கலம் வார்க்கப் போகிறார்கள். துளை, கண், பொத்தான், புறாக் கூடு எல்லாவற்றின் மேலும். அதன்பின் அவனை யாராலும் இறக்க முடியாது.

"மேயர்கிட்டப் போனீங்களா?"

"வருசா வருசம் போறேன். கையைப் பிடிச்சு அழுவாரு. அம்மா, அது அதிசயம், அதுல மனுசன் தலையிடலாமான்னு கேப்பாரு."

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது, இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, எங்கள் மில் வாசலில் வளர்ந்த எவனுக்கும் தட்டியிருக்கும். நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள், நாலு பக்கத்துக்கு மேல் போகிற எதையும் சந்தேகத்தோடுதான் தொடுவேன், ஆனால் ஒன்று தெரியும். ஸ்டிரைக்கைத் தொடங்குவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். முடிப்பதற்கு முறை இருக்கிறது. ஜெயித்தாலும் தோற்றாலும் மில் வாசலில் கேட் மீட்டிங் போட வேண்டும். என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உண்ணாவிரதம் இருந்தவனுக்குக் கையால் ஒரு வாய் குடிக்கக் கொடுக்க வேண்டும். பிறகு, "கலையலாம்," என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்வரை ஸ்டிரைக் முடியாது. நான் நடத்திய போராட்டங்களில் முக்கால்வாசி தோற்றவை. ஒன்றைக்கூடக் கேட் மீட்டிங் இல்லாமல் முடித்ததில்லை.

"சிஸ்டர், இவன்கிட்ட யாராவது ஸ்டிரைக் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களா?"

சிஸ்டர் கேட்டார். எர்மினியா யோசித்தாள். பக்கத்துக் கடைக்காரிகளைக் கேட்டாள். ரேடியோவில் சொன்னார்களே என்றாள் ஒருத்தி. அவனிடம் ரேடியோ இருந்ததா என்றாள் இன்னொருத்தி. யாரும் சொல்லவில்லை. அவனைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் கட்டுரை எழுதினார்கள், அவனுக்குக் கீழே நின்று முத்தமிட்டுக்கொண்டார்கள், அவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய ஃபௌஸ்தினோ சொல்லவில்லை. ஏனென்றால் முடிந்தது என்று சொன்னால், எப்படி முடிந்தது என்றும் சொல்லியாக வேண்டும்.

"இதுல அதிசயமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவன் டியூட்டியில நிக்கிறான்," என்றேன்.

"நீங்க சொன்னா இறங்குவானா அண்ணாச்சி? நீங்க எந்த ஊரு, அவன் எந்த ஊரு," என்றார் சிஸ்டர்.

"சங்கம் வந்து சொல்லோணும்னுதான உத்தரவு? எந்த ஊர்ச் சங்கம்னு ஃபௌஸ்தினோ சொல்லலையே."

சிஸ்டர் அதை எர்மினியாவுக்குச் சொன்னார். பிறகு அவராகவே, மெதுவாக, இன்னொன்றையும் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எர்மினியா கடைக்கு வந்தவர்களைக்கூடக் கவனிக்காமல் ஆப்பிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இறங்கினா அந்தக் குண்டு அவனுக்கு மிச்சம் இருக்குன்னு சொன்னேன்," என்றார் சிஸ்டர். "தெரியும்ங்கிறா. ஆப்பி சூடா இருக்கணும்ங்கிறா. அவனுக்கு ஆறினது பிடிக்காதாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுவதும் திரண்டது. பித்தளை வாத்தியங்கள் ஊதின, முகமூடி ஆட்டக்காரர்கள் குதித்தார்கள், ரெஜிமெண்ட் புதுக் குதிரைகளில் வந்தது, உலை கணகணவென்று எரிந்தது. வெயிலும் உலைச் சூடும் பொரித்த பன்றி வாடையும் சேர்ந்து சதுக்கத்தை நிறைத்தன. மேயர் ஃபௌஸ்தினோ வெள்ளைத் தலையோடு மேடையேறி, அழகாகப் பேசினார், இடையிடையே அழுதார். அப்புறம் வழக்கப்படி தீர்மானத்தை வைத்தார்.

"தோழர் அனிசெத்தோவுக்கு வெண்கலம் வார்ப்பதை ஆதரிப்பவர்கள்?"

குமாஸ்தா அண்ணாந்து பார்த்தான். "அவரே ஆதரவு!" என்றான். ஆண்டாண்டாகச் சொன்ன வேடிக்கைதான், இருந்தாலும் அன்றைக்கென்று எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கைகள் காடாக எழுந்தன. எர்மினியா ஒருத்திதான் கையைத் தூக்கவில்லை, அவள் கையில் சூடான குவளை இருந்தது.

வெளிநாட்டு விருந்தாளி இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். மேடைக்குப் போகவில்லை. உலோகம் ஊற்றுகிறவர்கள் கட்டிய சாரத்தில் மூச்சிரைக்க ஏறினேன். சிஸ்டர் அங்கியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். அனிசெத்தோவின் முகத்துக்கு எதிரே என் முகம் இருந்தது. அவன் என்னைவிட எவ்வளவோ சின்னவன்.

மில் வாசலில் பேசுவதைப்போல்தான் பேசினேன், வேறு விதமாக எனக்குப் பேசத் தெரியாது.

"தோழர் அனிசெத்தோ. நான் கோயம்புத்தூர் மில் தொழிலாளி நஞ்சப்பன். சங்கத்திலிருந்து வந்திருக்கிறேன். டிராம் நிற்கக் கூடாது என்று கேட்டோம். டிராம் நின்றுவிட்டது. வேலை போகக் கூடாது என்று கேட்டோம். போய்விட்டது. இந்த வேலைநிறுத்தத்தில் நாம் தோற்றுவிட்டோம்."

சிஸ்டர் மொழிபெயர்க்காமல் நிறுத்தினார். கீழே மேயர் புன்னகையோடு காத்திருந்தார்.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல தோத்தோம்ங்கிற வார்த்தையை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"அதுக்குத்தான் சொல்றேன். ஒரு சொல்லு மாத்தாமச் சொல்லிப்போடுங்க."

சொன்னார். மாதா கோயிலில் வாசகம் படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி, முழுவதும் சொன்னார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மேயரின் புன்னகை மட்டும் எடுக்க மறந்துபோன கொடிபோல முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கள் உத்தரவை மீறவில்லை. கடைசிவரை நின்றீர்கள். இனி கலையலாம்."

அனிசெத்தோ கண்ணை இமைத்தான். என்னைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, புறாவுக்கு அவகாசம் கொடுத்து, கையை இறக்கினான். ஆதரவு போய்விட்டது என்று அப்போது யாரும் அறிவிக்கவில்லை. அவன் படிப்படியாக, டிராமின் பின்பக்க ஏணியில் இறங்குகிறவனைப்போலக் காற்றில் கால் வைத்து இறங்கினான். கணுக்காலில் கட்டிய கயிறுகள் எல்லாம் அவனோடு இறங்கின. சதுக்கம் முழுவதும் நீலப் பந்தல்கள் கிழங்குகளின் மேலும் தலைகளின் மேலும் சரிந்தன. வங்கிக் கடிகாரம் விழுந்து உடைந்தது. பந்தலுக்கு அடியிலிருந்து கடைக்காரிகள் என்னைத் திட்டிய திட்டை மட்டும் சிஸ்டர் மொழிபெயர்க்கவில்லை.

தரையில் கால் பட்டதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"மத்தவங்க எல்லாம் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டாங்களான்னு கேக்கான்," என்றார் சிஸ்டர்.

"போயிட்டாங்க. நீதான் கடைசி," என்றாள் எர்மினியா. குவளையை அவன் வாயில் வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான், சூடு சரியாக இருக்கிறது என்று தலையசைத்தான். அப்போதுதான் மார்புத் துளையிலிருந்து, அத்தனை காலம் உத்தரவுக்குக் காத்திருந்த ரத்தம், புதிதாக, சிவப்பாக வந்தது. அவன் அவள் தோளில் சாய்ந்தான். அவள் அவனைத் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தொட்டாள். கூச்சமில்லாமல், ஊர் பார்க்க, முகம் கை கால் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஃபௌஸ்தினோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சவப்பெட்டிக்கு நகரமே ஏற்பாடு செய்யும், அரசு மரியாதை உண்டு என்றார். எர்மினியா அவரைப் பார்க்கக்கூட இல்லை. "இதுக்கு ஓட்டெடுக்க வேண்டாம்னு சொல்லுங்க," என்று சிஸ்டரிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் மலைச்சரிவிலிருந்த கல்லறையில் அவளும் சிஸ்டரும் நானும் ஆறேழு பழைய டிராம்காரர்களும்தான் அவனைப் புதைத்தோம். பந்தல் இழந்த ஒரு கடைக்காரி சண்டை போடுவதற்காக வந்தாள், வந்த இடத்தில் அழுதாள், போகும்போது மறுபடியும் சண்டை போட்டாள்.

கெட்ட விருந்தாளி என்று என்னை அன்றே ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். விமான நிலையம் மேட்டில் இருக்கிறது. கம்பியில் தொங்குகிற கண்ணாடிப் பெட்டியில் சிஸ்டரோடு ஏறினேன். அது சதுக்கத்துக்கு நேர்மேலே போனது. குனிந்து பார்த்தேன். நீலப் பந்தல்கள் எல்லாம் மறுபடி எழுந்து நின்றன. கயிறுகள் நாலா பக்கமிருந்தும் வந்து, அனிசெத்தோவின் கணுக்கால் இருந்த அதே உயரத்தில், ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் இறுகக் கட்டப்பட்டிருந்தன. அவிழவில்லை. அதன் கீழே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையிலிருந்து குமாஸ்தா அந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்து எதையோ எண்ணினான். கைகள் எழுந்தன.

வாயெல்லாம் கசந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினேன். வந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அந்த ஊரின் மேல் ஒரே துப்பாகத் துப்பியிருப்பேன்.

"துப்பாதீய அண்ணாச்சி," என்றார் சிஸ்டர். "கீழ ஆள் போகுது."

பார்த்தேன். பந்தல்களுக்கு வெளியே, வெயிலில், கறுப்புப் பாவாடையும் கறுப்புத் தொப்பியுமாக எர்மினியா ஆப்பிச் சட்டியைச் சுமந்துகொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்காமல் நடந்தாள்.

விழுங்கிக்கொண்டேன்.